கீரை ஆய்வதற்குக் கணக்கில் தலைப்பு இல்லை

ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாள் மதிய உணவின் பொருட்செலவு என்று ஒன்றிய அரசு 2025 மே 1 முதல் நிர்ணயித்த தொகை 6 ரூபாய் 78 காசு. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 10 ரூபாய் 17 காசு. அரிசி இதில் சேராது, அது மத்தியத் தொகுப்பிலிருந்து தனியாக வந்துவிடும். பருப்பு, எண்ணெய், காய், மளிகை, அடுப்பெரிக்கும் எரிவாயு எல்லாம் இந்தக் காசுக்குள்தான் அடங்க வேண்டும். அதையும் ஒன்றிய அரசும் மாநிலமும் 60:40 என்று பிரித்துக்கொள்கின்றன.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விதிப்படி ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய் 50 கிராம், எண்ணெய் 5 கிராம். துவரம்பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 கிராமுக்கு 2 ரூபாய் 40 காசு. எண்ணெய் கிலோ 140 என்றால் 70 காசு. காய் கிலோ 40 என்றால் 2 ரூபாய். ஆக 5 ரூபாய் 10 காசு போயிற்று. மிச்சம் 1 ரூபாய் 68 காசில் உப்பு, மிளகாய், சீரகம், புளி, எரிவாயு. இதில் முட்டைக்கு எங்கே இடம்? நாமக்கல்லில் பண்ணை விலையே சில ஆண்டுகளாகப் பெரும்பாலும் 4 ரூபாய்க்கும் 6 ரூபாய்க்கும் இடையே ஏறி இறங்குகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளையின் வட்டலில் முட்டை விழுகிறது என்றால், அது மாநில அரசு தன் கையிலிருந்து போடும் காசு.

பள்ளி உணவைப் பற்றிப் பேசும்போது இந்தக் காசுக் கணக்கைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதில் ஏறாத ஒரு செலவு இருக்கிறது. முருங்கைக்கீரை ஆய, கொள்ளு ஊறவைக்க, சின்ன வெங்காயம் உரிக்க, சாமையில் கல் அரிக்க ஆகும் நேரம் அது. சத்தானதும், மண்ணுக்கு ஏற்றதும், உள்ளூரில் விளைவதுமான உணவு என்று நாம் சொல்கிற அத்தனையும் கை வேலை அதிகம் கேட்பவை. அந்தக் கைக்குக் கூலி எங்கே எழுதப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. ஆனால் கேள்விக்குப் போகும் முன் சமையற்கட்டுக்குள் போக வேண்டும்.

வட்டலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி, 8 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். 20 கிராம் பருப்பு 66 கலோரியும் 4 கிராமுக்கு மேல் புரதமும் தரும். எண்ணெய் 45 கலோரி. காயையும் சேர்த்தால் 480ஐத் தொடும். விதி கேட்பது 450 கலோரி, 12 கிராம் புரதம். தேறிவிட்டது. ஆனால் அந்தக் கலோரியில் முக்கால் பங்கு வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது. வயிறு நிறைகிறது, இரும்பும் சுண்ணாம்பும் நிறைவதில்லை.

7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 100 கிராம் அரிசியில் இருப்பது 10 மில்லிகிராமை ஒட்டித்தான். 20 கிராம் கேழ்வரகில் 70, 20 கிராம் முருங்கை இலையில் 60க்கு மேல். இரும்புச்சத்தின் கதை இன்னும் மோசம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தக் குழந்தைகள்தாம் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956இல் காமராஜர் காலத்தில் விரிந்தது, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தச் செலவின் பலன் சாப்பிட்ட பிள்ளையோடு நிற்பதில்லை. இந்தியா முழுவதற்குமான தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு கிடைத்த பெண்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகள் உயரத்தில் மேம்பட்டிருந்ததைக் காட்டியது. ஒரு தலைமுறை தள்ளி வரவு வைக்கிற கணக்கு இது. ஒரு நிதியாண்டின் வரவு செலவில் அது தெரியாது.

அறுபது பிள்ளைக்கு அரிசிம்பருப்புச் சாதம்

கொங்கு நாட்டுப் பள்ளிக்குப் பொருத்தமான ஒரே பாத்திரச் சமையல் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்காமல் அரிசிம்பருப்புச் சாதம் என்பேன். வடிப்பதில்லை என்பதே அதன் முதல் நன்மை. அண்மை ஆண்டுகளில் பள்ளிக்கு வந்தது செறிவூட்டிய அரிசி, அதாவது 100 அரிசிக்கு 1 என்ற விகிதத்தில் இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகள் கலந்தது. சாதத்தை வடித்தால் கரையக்கூடிய சத்தில் ஒரு பங்கு கஞ்சியோடு போய்விடும். இன்னொரு தொல்லை, இந்த மணிகள் நிறத்தில் சற்று வேறாகத் தெரிவதால் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிற வழக்கம். 6 கிலோ அரிசியில் 60 கிராம் இருக்க வேண்டிய பொருள் அது. பொறுக்கி எறிந்துவிட்டால் செறிவூட்டிய செலவு முழுக்கக் குப்பையில்.

60 பிள்ளைக்கு அளவு: அரிசி 6 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ 200 கிராம், அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) 2 கிலோ, தக்காளி 1 கிலோ, சின்ன வெங்காயம் ஒன்றரைக் கிலோ, பூண்டு 150 கிராம், வரமிளகாய் 40 கிராம், சீரகம் 40 கிராம், கடுகு 30 கிராம், மஞ்சள்தூள் 15 கிராம், எண்ணெய் 300 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, உப்பு 120 கிராம். உப்பு ஒரு பிள்ளைக்கு 2 கிராம் ஆகிறது. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு, அதனால் இதற்கு மேல் போடக் கூடாது. ‘சப்பென்று இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் சீரகத்தையும் பூண்டையும் கூட்டலாம், உப்பைக் கூட்ட வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் வைப்போம். அதே விகிதத்தைப் பெரிய போசியில் வைத்தால் களியாகிவிடும். அளவு கூடக் கூட, ஆவியாகிப் போகும் தண்ணீரின் பங்கு குறைகிறது. மேற்சொன்ன அரிசியும் பருப்புமாக 7 கிலோ 200 கிராமுக்கு 18 லிட்டர் போதும், பழைய புழுங்கலரிசியாக இருந்தால் 2 லிட்டர் கூட.

பருப்பை அரிசியோடு சேர்த்தே போட்டால் அது அடியில் உட்கார்ந்து பிடிக்கும், மேலே அரிசி வேகாமல் நிற்கும். அகலமான அலுமினியப் பாத்திரமும் முழு வேகத்தில் எரியும் அடுப்பும் சேர்ந்தால் இது நிச்சயம். பருப்பைத் தனியாக முக்கால் வேக்காடு வேகவைத்து, தாளித்துக் கொதிக்கும் தண்ணீரில் அரிசியைப் போட்டு, அது பாதி வெந்த பிறகு பருப்பைச் சேர்க்க வேண்டும். தக்காளியும் பருப்பு மலர்ந்த பிறகுதான். புளிப்பு முன்னால் போனால் பருப்பு இறுகிக்கொள்ளும். தண்ணீர் வற்றும்போது அடுப்பைச் சிம்மில் வைத்து, கனமான தட்டைப் போட்டு 15 நிமிடம் விட்டால் மேலும் கீழும் ஒரே பதமாகிவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பருப்பு வேகவில்லை என்ற புகார் திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் ஓயாமல் வரும். பருப்பைத் திட்டுவார்கள். பல சமயம் குற்றவாளி தண்ணீர். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டினோடு பிணைந்து அதைக் கெட்டிப்படுத்திவிடும். மணிக்கணக்கில் கொதித்தாலும் பருப்பு தனித்தனியாக நிற்கும், எரிவாயு மட்டும் தீரும். உடனே ஆப்பசோடாவைத் தூக்குவார்கள். பருப்பு குழைந்துவிடும்தான், கூடவே தயமின் என்கிற பி1 சத்தும் அழிந்துவிடும். சத்துக்காகப் போடுகிற பருப்பில் சத்தைக் கொன்றுவிட்டுச் சாப்பிடுவது எந்த ஊர் நியாயம்? வழி எளிது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பருப்பு ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டுமாவது தனியாகப் பிடித்து வைக்க வேண்டும். 60 பிள்ளைக்கு அது ஒரே ஒரு குடம். அதுவும் இல்லாத நாளில் உப்புத் தண்ணீரை முதல் நாளே கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவை இறுத்தால், கடினத்தில் ஒரு பகுதி அடியில் வெள்ளையாகப் படிந்துபோயிருக்கும். பருப்பை முக்கால் மணி நேரமாவது ஊறவைப்பது எந்தத் தண்ணீருக்கும் பொருந்தும்.

சிலிண்டரின் மேல் மாற்றிய தேதியைச் சாக்பீஸால் எழுதி, அதில் எத்தனை சாப்பாடு ஆயிற்று என்று கூட்டிப் பார்த்தால் இதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ஒரு சிலிண்டரில் வழக்கமாக வரும் சாப்பாட்டில் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் பர்னர் அடைப்பு, மூடாத பாத்திரம், பழைய பருப்பு, உப்புத் தண்ணீர் என்று நான்கில் ஒன்றைப் பிடித்துவிடலாம்.

அரசாணிக்காயை ஏன் சொன்னேன் என்றால், அறுக்காத காய் நிழலில் மாதக்கணக்கில் கிடக்கும், சிவந்த சதையில் வைட்டமின் ஏ-யின் மூலப்பொருள் இருக்கிறது, வெந்து கரைந்துவிடுவதால் பிள்ளைகளால் பொறுக்கி ஒதுக்க முடியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது மூலையில் நான்கு அரசாணிக்காய் கிடந்த சமையற்கட்டு தப்பித்தது.

முருங்கை

மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரம் முழுக்க முருங்கைக் காடு. காயை லாரியில் ஏற்றுகிறோம், இலையை ஆடு தின்கிறது. பள்ளிக்கூட வேலியில் நான்கு மரம் நின்றால் 60 பிள்ளைக்கு வாரம் இரண்டு நாள் கீரைக்குக் குறைவிருக்காது. பொருட்செலவு பூஜ்யம்.

ஆனால் பிள்ளைக்கு 20 கிராம் என்றால் ஆய்ந்த இலை 1 கிலோ 200 கிராம். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் ஒருவர் வெங்காயம் உரிக்க வேண்டும், ஒருவர் முட்டை வேகவைக்க வேண்டும். காம்போடு போட்டால் பிள்ளைகள் துப்பிவிடுவார்கள், அப்புறம் ‘பிள்ளைங்க கீரையே தின்கிறதில்லைங்க’ என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். பிள்ளைகள் துப்பியது காம்பை.

இதற்கு நம் பாட்டிமார் வைத்திருந்த வழியே போதும். முதல் நாள் மாலை ஒடித்த கொத்துகளை ஈரமில்லாமல் பருத்தித் துணியில் இறுகச் சுற்றி வைத்தால், காலையில் உதறும்போது இலை பாதிக்கு மேல் தானாக உதிர்ந்திருக்கும். ஆயும் நேரம் பாதியாகும். துணி ஈரமாக இருந்தாலோ, கொத்து மழையில் நனைந்திருந்தாலோ காலையில் இலை கறுத்து அழுகல் வாடை வரும். அன்றைக்குக் கீரை வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதுதான். சாதம் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன் இலையைத் தூவிப் புரட்டி மூடினால் போதும். முன்னாலேயே போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் உருண்டு கசக்கும்.

கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் ஏறாது. கூட ஏதாவது புளிப்பு, வைட்டமின் சி உள்ள புளிப்பு, வேண்டும். 60 பேருக்குப் பத்து எலுமிச்சை, அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும், கொதிக்கும்போது பிழிந்தால் அந்தச் சத்து போய்விடும். நெல்லிக்காய்க் காலத்தில் ஆளுக்குப் பாதி நெல்லிக்காய். புளிக்கு இந்த வேலை அவ்வளவாகத் தெரியாது.

சிறுதானியத்தின் நிஜ விலை

கம்பும் சோளமும் சாமையும் மானாவாரிப் பயிர். நெல்லுக்குக் கட்டுகிற தண்ணீர் தேவையில்லை, வயலில் தேங்கிய நீரிலிருந்து மீத்தேன் எழும் சங்கதியும் இல்லை. காங்கேயம், தாராபுரம் செம்மண்ணுக்கு அதுதான் இயல்பு. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு அடுப்பருகே வந்து பாருங்கள்.

சாமை நூறு கிலோ உமி நீக்கினால் 60, 65 கிலோ அரிசி தேறும். மீதிக்கும் சேர்த்துத்தான் விலை. அரிசி இலவசமாக வரும் இடத்தில் சாமைக்குக் கிலோ 80, 100 என்று கொடுத்தால் 50 கிராமுக்கே 4, 5 ரூபாய். கல் இருந்தால் அரித்தெடுக்க ஒரு ஆள். தவிடு நீக்காத சாமை நாள்பட்டால் காறல் அடிக்கும். கம்பு மாவு அதைவிடச் சீக்கிரம் கெடும், கம்பில் எண்ணெய்ப்பசை அதிகம், அரைத்த மாவு ஒரு வாரம், இரண்டு வாரத்தில் கசந்துவிடும். மூட்டையாக மாவு வாங்கி வைக்கிற திட்டங்கள் தோற்பது இங்கேதான். தானியமாக வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஊர் மில்லில் அரைக்க வேண்டும். கேழ்வரகு மாவு கொஞ்சம் தாங்கும்.

கேழ்வரகுக் களியை அறுபது பேருக்குக் கிண்ட முயல வேண்டாம். தோள் கழன்றுவிடும், ஆறினால் பிள்ளைகள் தொடவும் மாட்டார்கள். நல்ல வழி புட்டு. மாவை உப்புக் கரைத்த தண்ணீர் தெளித்துப் பிசிறி, துணி விரித்த இட்லித் தட்டில் ஆவி கட்டி, தேங்காயும் வெல்லமும் சேர்த்தால் வேலை பாதி. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைக்கு 50 கிராம் தானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது அளவு. சிறுதானியத்துக்கு இடம் அங்கேதான் இருக்கிறது. ரவைக் கிச்சடியில் மூன்றில் ஒரு பங்கு சாமையைக் கலந்தால் பிள்ளைகள் முகம் சுளிக்க மாட்டார்கள். சாமைப் பொங்கல் என்றால் சற்றுத் தளர்த்தியாகவே இறக்க வேண்டும், முக்கால் மணி நேரத்தில் கரண்டி நிற்கிற அளவுக்கு இறுகிவிடும்.

காலை உணவின் அருமை திருப்பூரில் தெரிந்த அளவுக்கு வேறெங்கும் தெரிந்திருக்காது. பனியன் கம்பெனி சிப்டுக்கு அம்மாவும் அப்பாவும் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டால், பிள்ளை கடையில் வாங்கிய பன்னோடு பள்ளிக்கு வரும். ஆனால் இதுவும் ஒருவர் கையிலிருந்துதான் வருகிறது. மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள் விடியற்காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அப்போது அவர்கள் வீட்டு அடுப்பை யார் பற்றவைப்பது என்று யாரும் கேட்பதில்லை. ஒரே அடுப்படியில் காலைக்கு ஒரு குழு, மதியத்துக்கு ஒரு குழு என்று இருக்கும் இடங்களில் கழுவாத போசியை வைத்து வரும் சண்டை தனி. பாத்திரத்தை இரண்டு செட் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் சண்டை.

கொள்ளைப் பற்றி இரண்டு வார்த்தை. துவரையில் ஒரு பங்கு மியான்மரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலேறி வருகிறது. கொள்ளு நம் காட்டில் புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் விளைகிறது. புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, நூறு கிராமுக்கு 22. ஆனால் 8 மணி நேரம் ஊற வேண்டும், குக்கர் இல்லாமல் சீக்கிரம் வேகாது, சித்திரை வெக்கையில் இரவெல்லாம் ஊறினால் புளித்து நுரைக்கும், நடுவில் ஒரு தண்ணீர் மாற்ற வேண்டும். ஆளுக்கு 10 கிராமில் தொடங்குவது நல்லது, ஒரேயடியாகப் போட்டால் பிள்ளைகளுக்கு வயிறு உப்பும். முளைகட்டினால் இன்னும் நல்லது, ஆனால் பள்ளியில் முளைப்பயிரைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. முளைவிடும் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தமானவை.

எண்ணெயில் என் கருத்து பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பிடிக்காது. பாமாயிலுக்குப் பதில் தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் ரேசனில் கொடுங்கள் என்று உழவர்கள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். கப்பலில் வரும் எண்ணெயை விட்டு உள்ளூர் எண்ணெய்க்கு வருவது சரியே. ஆனால் தேங்காயெண்ணெயில் 90 சதவீதம் நிறைகொழுப்பு, பாமாயிலைவிடவும் அதிகம். பிள்ளைகளுக்கு என்றால் கடலையெண்ணெய் என்று கேட்பதே நியாயம். 5 கிராமுக்குச் சில காசுகள்தான் கூடும்.

வீணாவதும் கெட்டுப்போவதும்

பள்ளி உணவில் சூழலுக்கு ஆகும் கேட்டில் ஒரு பங்கு மீந்து கொட்டுகிற சோற்றில் இருக்கிறது. விளைந்த தண்ணீர், எரிந்த எரிவாயு, உழைத்த கை எல்லாம் அதோடு போகிறது. முதல் நாள் வருகைப்பதிவைப் பார்த்து அரிசி அளப்பதுதான் காரணம். காலை 9:30க்கு வகுப்புவாரியாகத் தலை எண்ணி, அதன்பிறகு அளக்க வேண்டும். ஊரில் நோம்பி (திருவிழா) என்றால் முந்தின நாளும் மறுநாளும் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிவிட்டால் பதினைந்து நாளைக்கு முட்டையைத் தொடாத வீடுகள் உண்டு. வாழைப்பழத்துக்கு மாற்றித் தர வழியிருக்கிறது, அதை முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நாமக்கல்லிலிருந்து வந்த முட்டை அட்டையிலேயே கிடந்து கெடும். தண்ணீரில் போட்டதும் மிதக்கிற முட்டையை வேறு யோசனை இல்லாமல் ஒதுக்கிவிட வேண்டும். வேகவைத்து உரித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, அதனால் உரிப்பது கடைசி வேலை.

மீதத்துக்கு ஒரு வாளி வைத்து, உள்ளே ஸ்கெட்ச் பேனாவால் கிலோ அளவுக் கோடு போட்டு, கூடவே என்ன மீந்தது என்று ஒரு வரி எழுதிவந்தால் ஒரே மாதத்தில் எந்தக் கிழமைச் சமையலில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

பாதுகாப்பில் இரண்டு தேதிகளை எல்லாச் சமையற்கட்டிலும் எழுதி ஒட்டலாம், இரண்டும் ஜூலை 16. 2004இல் கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்து நெருப்பு கூரைக்கு ஏறி 94 பிள்ளைகள் போனார்கள். 2013இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்ததைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் போனார்கள். காட்டு வேலை நடக்கும் ஊரில் காலி மருந்து டப்பா தண்ணீர் மொள்ளவும் எண்ணெய் வாங்கவும் வந்து நிற்பது சகஜம். சமையற்கட்டுக்குள் வெளி டப்பா எதுவும் வரக் கூடாது. சமைத்ததைப் பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் ருசி பார்த்து அரை மணி நேரம் பொறுப்பது வெறும் சடங்காகத் தெரியும். அன்றைக்குப் பீகாரில் சமைத்தவர் எண்ணெய் வாடை சரியில்லை என்றே சொன்னதாகச் செய்திகள் வந்தன.

கைக்குக் கூலி

இனி அந்தக் கேள்வி. 26 முதல் 100 பிள்ளைகள் வரை இரண்டு சமையல் ஆள் என்பது ஒன்றிய அரசின் அளவுகோல். அவர்களுக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2009இலிருந்து மாதம் 1000 ரூபாய். மாதம் 20 நாள், நாளுக்கு 4 மணி நேரம் என்றால் மணிக்கு 12 ரூபாய் 50 காசு. தமிழ்நாடு மேலே போட்டுத்தான் தருகிறது, இருந்தும் காலிப் பணியிடங்கள் நிரம்பாமல் ஓர் அமைப்பாளரே இரண்டு மூன்று மையங்களைப் பார்க்கிறார்.

காட்டு வேலைக்குப் போனால் பெண்ணுக்கு நாள்கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50. இரண்டு பேர் ஒரு மணி நேரம் கீரை ஆய்ந்தால் 100 ரூபாய், 60 பிள்ளைக்குப் பங்கிட்டால் தலைக்கு 1 ரூபாய் 67 காசு. துணியில் சுற்றி வைத்தால் 85 காசுக்குள். ‘இலவச’ முருங்கைக்கீரையின் உண்மை விலை அது. அப்போதும் முட்டையைவிட மலிவு. ஆக இது கட்டுப்படியாகாத செலவில்லை, எழுதப்படாத செலவு. காய், மளிகை, எரிவாயு என்று பதிவேட்டில் இருக்கும் தலைப்புகளோடு ‘ஆயும் கூலி’ என்று ஒன்றைச் சேர்த்து வாரம் இரண்டு நாளைக்குப் பிள்ளைக்கு 1 ரூபாய் கொடுத்தால், பட்டியலில் கீரைச் சாதம் என்று எழுதிவிட்டு வட்டலில் நாலு இலை மிதக்கிற நிலை மாறும். சின்ன வெங்காயமும் அப்படித்தான். ஒன்றரைக் கிலோவை உரிக்க முக்கால் மணி நேரம், தண்ணீரில் ஊறப்போட்டால் அரை மணி. ருசிக்கு அதுதான் வேண்டும் என்றால் அந்த அரை மணிக்கும் காசு வேண்டும்.

பள்ளித் தோட்டமும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. ஜூனில் பாத்தி கட்டி, ஆகஸ்டில் கத்தரியும் வெண்டையும் காய்த்து, படம் எடுத்து, ஏப்ரல் கடைசியில் பூட்டிவிட்டுப் போனால் ஜூனில் காய்ந்த குச்சிதான் நிற்கும். கொங்குச் சீமையில் சித்திரை, வைகாசியைத் தாண்டாத செடியைப் பள்ளியில் வைத்துப் பயனில்லை. முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி, நெல்லி என்று மரமாகவே வைக்க வேண்டும். பி.கே.எம்.-1 ரக முருங்கையை இலைக்காக வளர்ப்பதென்றால் இடுப்பு உயரத்தில் ஒடித்து ஒடித்துப் புதராக்கினால் பிள்ளைகளே எட்டிப் பறிக்கலாம். அரிசி கழுவிய தண்ணீரைச் சின்ன வாய்க்கால் வெட்டி மரத்தடிக்கு விட்டால் பத்து மாதம் யாரும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. சோப்புத் தண்ணீரை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும்.

மீதி இரண்டு மாதம் சமையல் நடக்காது, கழுவிய தண்ணீரும் இருக்காது. இளங்கன்றுக்கு வாரம் இரண்டு குடம் வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கு அடுத்த வீட்டில் இருக்கும் சமையலரோ உதவியாளரோதான், தன் பொடக்காலிக்கு (கொல்லைக்கு) ஊற்றப் போகும்போது வேலிக்கு மேலே இதற்கும் சாய்த்துவிட்டுப் போகிறார். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று மரம் துளிர்த்து நின்றால், அந்த இரண்டு குடம் எந்தத் தலைப்பிலும் ஏறாமல் வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.